வழிந்தோடியது

நான்கு டிகிரி, கோல்ட் ரூம்.
வெளியே கெண்ட் ரிட்ஜ் குன்றே வியர்த்துக்கொண்டிருக்க
கம்பளிச் சட்டைமேல் லேப் கோட் மாட்டி
சொட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

குழாய்க்குள் நிக்கல் ஏற்றிய பிசின், வெளிர்நீலம்.
சுங்கை பூலோ சேற்றில் பிழைக்கும் ஒரு பாக்டீரியாவின் என்சைம் அது.
ஈ.கோலையிடம் சொல்லிச் செய்து வாங்கி
ஒரு வாலும் ஒட்டிவிட்டோம்:
ஆறு ஹிஸ்டிடின், வரிசையாக.
வால் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும்,
மற்றதெல்லாம் வழிந்தோடிவிடும்.
இது புத்தகம்.
எட்டு வாரமாக
பிடித்துக்கொள்ள வேண்டியது எதையும் பிடிக்கவில்லை.
இது நான்.

இந்த அறையில் யாரும் யாரையும் நம்புவதில்லை.
ஷின் ரு தன் பஃபர் புட்டிகளில் சீனத்தில் எழுதுவாள்,
ஹஃபீஸா ஜாவியில், சுழித்துச் சுழித்து.
எது இமிடசோல், எது வெறும் உப்புத்தண்ணீர் என்று
எடுப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமே.
உயர்நிலை நான்கோடு நின்றுபோன என் தமிழ்
இங்கே பூட்டாகப் பயன்படுகிறது.
முதலில் வழிந்து வந்ததைப் பீக்கரில் பிடித்து
'வேண்டாதது' என்று எழுதினேன்.
கொட்டியிருக்க வேண்டும்.
சிங்க் நிறையக் கழுவாத குடுவைகள்.

பதினொன்று ஐம்பதுக்கு அலாரம்.

படியிறங்கி, கூரையிட்ட நடைபாதையில் பதினேழு பேர்.
சாய்வாக மழை.
ஒருவர் கையுறையைக் கழற்றாமலே
போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்.
"உன் காலம்?" என்றாள் ஹஃபீஸா.
"ஓடுது."
ஆளில்லாத அறையில்
சொட்டு யாரைக் கேட்டு விழுகிறது.
வங்கியொன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள் ஷின் ரு,
மழையைப் பார்த்தபடி, பெயர் சொல்லாமல்.
புரதத்தைப் பற்றி நேர்முகத்தில் கேட்டார்களா என்றேன்.
எக்செல் தெரியுமா என்று கேட்டார்களாம்.
கடைசி ரயில் அதற்குள் போயிருந்தது.
தீயணைப்பு வீரர் இறங்கி வந்து தலையசைத்தார்.
நான்காம் மாடி மைக்ரோவேவ்,
தண்ணீர் ஊற்ற மறந்த நூடுல்ஸ்.
அவர் சட்டையெல்லாம் கறி மசாலா வாசனை.
எல்லோருக்கும் பசித்தது.

திரும்பியபோது இருபது குழாய்களும் நிறைந்து நின்றன.
நிறமற்ற ஒரு சேர்மம் இருக்கிறது.
எங்கள் என்சைம் கடித்தால் அது மஞ்சளாகும்.
குழிக்கு ஒரு துளி.
காத்திருந்தேன்.
தண்ணீர்,
தண்ணீர்,
இருபதும் தண்ணீர்போல் தெளிந்து கிடந்தன.

கடைசி வரிசையில் ஒரு குழி மிச்சம்.
காலியாக விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்;
அறிவியல் என்று இதில் எதுவும் இல்லை.
பீக்கரில் இருந்ததில் ஒரு துளி விட்டேன்.

மஞ்சள்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே,
எலுமிச்சைத் தோலிலிருந்து பழுத்த பப்பாளிவரை.

ஒட்டிய வாலைத் தன் மடிப்புக்குள்ளேயே
சுருட்டி வைத்துக்கொண்டிருக்கிறது அது.
நிக்கலுக்கு நீட்டவே இல்லை.
உள்ளே வந்தது, ஒருவரையும் தொடவில்லை,
முதல் ஆளாக வெளியே போய்விட்டது.
அதைத்தான் ஏழு முறை
என் கையாலேயே சிங்க்கில் கொட்டினேன்,
குழாயைத் திறந்து, நன்றாக அலசிவிட்டு.

ஷின் ருவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
நெடுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு
"யாராவது இதைக் கொட்டிவிடப் போகிறார்கள்" என்றாள்.
எத்தனால் தொட்டு என் எழுத்தைத் துடைத்தோம்.
கட்டுமானத் தள எச்சரிக்கைப் பலகைபோல
நான்கு மொழியில் எழுதினோம்: கொட்டாதே.
ஹஃபீஸாவுடையதுதான் அழகாக இருந்தது.
தேதி போட மறந்துவிட்டோம்,
காலையில் லேப் அதிகாரி குவெக் திட்டுவார்.

முதல் ரயிலில்
எதிரே உட்கார்ந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.
பாதுகாப்புக் கண்ணாடி இன்னும் நெற்றியில்.

யாருக்கும் சொல்லவில்லை.
ஒருமுறை வந்தால் அது மஞ்சள்.
மூன்றுமுறை வந்தால்தான் முடிவு.